இணைய ஏபிஐ: பதில் வராதபோதும், வந்த பதில் பதிலாக இல்லாதபோதும்

சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில், வானிலைத் தரவு தரும் ஓர் ஏபிஐயிடமிருந்து (ஒரு நிரல் இன்னொன்றிடம் தரவு கேட்டுப் பெறும் இடைமுகம்) ஊரின் வெப்பநிலையைப் பெற்று வலைப்பக்கத்தில் காட்டும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றை விளக்கியிருந்தேன். சர்வரிடம் தரவு கேட்கும் ‘ஃபெட்ச்’ கட்டளையை, டிரை பகுதியில் பிழை எழுந்தால் கேட்ச் பகுதியில் பிடிக்கும் டிரை–கேட்ச் அமைப்புக்குள் அதில் வைத்திருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த நிரல் சரியாக ஓடுவதைப் பற்றியவை அல்ல. ஓடாமல் நிற்கும் இடங்களைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் தந்த நிரலில் ஃபெட்ச் அழைப்பை டிரை–கேட்ச் அமைப்புக்குள் வைத்திருந்தீர்கள். ஊரின் பெயரை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்துப் பார்த்தேன். சர்வர் 404 (கேட்டது இல்லை) என்று மறுமொழி அனுப்பியது உலாவியின் நெட்வொர்க் பலகத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கேட்ச் பகுதி இயங்கவே இல்லை. வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்டிஃபைண்ட்’ (மதிப்பு இல்லை) என்று வருகிறது. இது உலாவியின் குறையா?
– கணினி அறிவியல் மாணவி ஒருவர்

பதில்: குறை உலாவியினுடையது அன்று, என் நிரலினுடையது. கேட்ச் ஒன்றை எழுதிவிட்டால் எல்லாப் பிழைகளும் அதில் வந்து விழுந்துவிடும் என்ற எண்ணத்தை அந்த எடுத்துக்காட்டு ஏற்படுத்தியிருந்தால், அதற்கு நானே பொறுப்பு.

ஃபெட்ச் திருப்பித் தரும் ப்ராமிஸ் (பின்னர் வரப்போகும் விளைவுக்கான வாக்குறுதிப் பொருள்), சர்வரிடமிருந்து ஏதேனும் ஒரு மறுமொழியின் தலைப்பகுதி வந்து சேர்ந்த உடனேயே நிறைவேறிவிடுகிறது. வந்தது 200ஆ (வெற்றி), 404ஆ, 500ஆ (சர்வரில் பிழை) என்பதை அது பார்ப்பதில்லை. சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற முடியாமை, இணைப்பு மறுக்கப்படுதல், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமை, இடைவழியில் துண்டிப்பு என மறுமொழியே வந்து சேராத நிலைகளில்தான் அந்தப் ப்ராமிஸ் நிராகரிக்கப்பட்டுக் கேட்ச் பகுதி இயங்கும். உங்கள் சோதனையில் சர்வர் 404 என்ற குறியீட்டுடன், அந்தப் பெயரில் ஊர் இல்லை என்று சொல்லும் ஒரு ஜேசான் (தரவைப் பெயர்–மதிப்பு இணைகளாக எழுதும் உரை வடிவம்) பொருளையும் அனுப்பியிருக்கிறது. நிரல் அதை வானிலைத் தரவு என்று நம்பி, அதில் இல்லாத வெப்பநிலையைத் தேடியிருக்கிறது.

திருத்தம் சிறியது. மறுமொழிப் பொருளின் ‘ஓகே’ என்னும் பண்பு, நிலைக்குறியீடு 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே உண்மை என்ற மதிப்பைப் பெறும். மறுமொழியின் உள்ளடக்கமான உடற்பகுதியைத் தொடுவதற்கு முன்பே அதைச் சோதித்து, இல்லையெனில் நிலைக்குறியீட்டையும் சர்வர் சொன்ன காரணத்தையும் தாங்கிய ஒரு பிழைப் பொருளை நீங்களே ‘த்ரோ’ செய்ய (எறிய) வேண்டும். இந்த நடத்தை கருவிக்குக் கருவி மாறுவதால்தான் அனுபவசாலிகளும் இங்கே வழுக்குகிறார்கள். ஃபெட்ச்சைப் போலவே கோரிக்கை அனுப்ப உதவும் ஆக்ஸியோஸ் நூலகம் 200களுக்கு வெளியே உள்ள எந்தக் குறியீட்டையும் இயல்பாகவே பிழையாக எறியும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், ‘ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ்’ என்ற செயற்கூற்றை நீங்கள் அழைக்கும் வரை வாய் திறக்காது. கோ மொழியிலும் 500 வந்தால் பிழை மதிப்பு வெறுமையாகவே இருக்கும். ஆக்ஸியோஸில் பழகியவர் ஒருவர் ஃபெட்ச்சுக்கு மாறும் நாளில், அவருடைய பழைய கேட்ச் பகுதிகளில் பாதி பேச்சற்றுப் போகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபெட்ச்சில் இணைப்புத் தோல்வி ஏற்பட்டால் எறியப்படுவது ‘டைப்எரர்’ வகைப் பிழை. இல்லாத பொருளின் பண்பை நிரலில் தவறுதலாகத் தேடினாலும் எறியப்படுவது அதே ‘டைப்எரர்’தான். டிரை பகுதிக்குள் ஃபெட்ச் அழைப்பையும், தரவைத் திரையில் வரையும் ஐம்பது வரிகளையும் சேர்த்து வைத்தால், உங்கள் எழுத்துப் பிழை ஒன்று ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்ற செய்தியாகப் பயனரைச் சென்றடையும். ஆகவே டிரை பகுதிக்குள் கோரிக்கை மட்டும் இருக்கட்டும்.

கேட்ச் எழுத உட்காரும்போது நான் என்னைக் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இந்தக் கணத்தில் எனக்கு என்ன தெரியும்? மறுமொழியே வரவில்லை என்றால், சர்வரில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. 400களிலோ 500களிலோ மறுமொழி வந்திருந்தால், என்ன நடந்தது என்று சர்வரோ இடையிலுள்ள வாயிலோ ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. 200 வந்து உள்ளடக்கம் பொருந்தவில்லை என்றால், தவறு நடந்ததே சர்வருக்குத் தெரியாது. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால் எழுந்தவை.

கேள்வி: டிரை பகுதிக்குள் ‘ரிட்டர்ன்’ போட்டு ஃபெட்ச்சை அழைத்திருக்கிறேன். இணையத்தைத் துண்டித்தாலும் என் கேட்ச் இயங்குவதில்லை. ஏன்?

பதில்: ப்ராமிஸ் முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் ‘அவெய்ட்’ விடுபட்டிருக்கிறது. அவெய்ட் இல்லாமல் ப்ராமிஸை அப்படியே திருப்பித் தந்தால், அது நிராகரிக்கப்படும் நேரத்தில் உங்கள் செயற்கூறு டிரை பகுதியை விட்டு வெளியேறி நெடுநேரம் ஆகியிருக்கும்.

கேள்வி: சில நாட்களாக ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று தொடங்கி, ஒரு கோணக் குறியையும் ‘டாக்டைப்’ என்ற சொல்லையும் காட்டி, இது செல்லுபடியாகும் ஜேசான் அன்று என்று முடியும் பிழைச் செய்தி வருகிறது. ஏபிஐ எழுதிய குழுவினர் தாங்கள் ஜேசான் மட்டுமே அனுப்புவதாக உறுதியாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரும் உண்மையே சொல்கிறீர்கள். அந்தக் கோணக் குறி ஓர் எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்து. ஏபிஐ எழுதிய குழு அனுப்பாத அந்தப் பக்கத்தை, உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் நிற்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த ‘யாரோ’ பொதுவாக மூவரில் ஒருவர். ஏபிஐக்கு முன்னால் நிற்கும் இடைநிலைச் சர்வர், பின்னால் உள்ள நிரல் விழுந்துவிட்டதால் தன்னுடைய 502 பிழைப் பக்கத்தை எச்டிஎம்எல் வடிவில் தந்திருக்கலாம். பயனரின் அமர்வு காலாவதியாகி, கோரிக்கை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். ஃபெட்ச் திருப்பல்களைத் தானாகவே பின்தொடர்வதால், முடிவில் உங்கள் கைக்கு வருவது 200 குறியீட்டுடன் கூடிய உள்நுழைவுப் பக்கம். ‘ஓகே’ சோதனையையும் அது தாண்டிவிடும். மூன்றாவதாக, முகவரியில் ஓர் எழுத்துத் தவறியிருக்கலாம்: ஒற்றைப் பக்கச் செயலிகளைத் தாங்கும் பல சர்வர்கள், தமக்குத் தெரியாத எந்தப் பாதைக்கும் முதற்பக்கத்தையே 200 போட்டு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். சில நாட்களாக மட்டும் வருகிறது என்பதால் முதல் இரண்டையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

செய்ய வேண்டியது, மறுமொழியின் ‘கன்டென்ட்-டைப்’ தலைப்பைப் பார்த்த பிறகே ஜேசானாகப் பிரிப்பது. இன்னும் உறுதியான வழி, உடற்பகுதியை முதலில் வெறும் உரையாகப் படித்து, பிறகு பிரித்துப் பார்த்து, பிரிக்க இயலாவிட்டால் அந்த உரையின் முதல் 200 எழுத்துகளை நிலைக்குறியீட்டுடன் பதிவேட்டில் எழுதிவைப்பது. பக்கத்தின் தலைப்பைப் படித்தாலே அனுப்பியவர் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். உடற்பகுதியை ஒருமுறைதான் படிக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். ஜேசானாகப் படிக்க முயன்று தோற்ற பிறகு உரையாகப் படிக்கப் போனால், ஏற்கெனவே படித்தாயிற்று என்று இன்னொரு பிழை வரும். 204 குறியீட்டுக்கு உடற்பகுதியே கிடையாது என்பதால், அதை ஜேசானாகப் பிரிக்க முயல்வதும் பிழையில்தான் முடியும்.

கேள்வி: என் கோரிக்கை, ஏபிஐகளைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் சரியாக வேலை செய்கிறது. உலாவியில் மட்டும் ‘ஃபெயில்ட் டு ஃபெட்ச்’ என்று வருகிறது. காரணத்தை நிரலுக்குள் அறிய வழியே இல்லையா?

பதில்: இல்லை, அது வேண்டுமென்றே மறைக்கப்படுகிறது. ஒரு வலைத்தளத்தின் நிரல் வேறொரு தளத்தைத் தொடும்போது, அந்த வேற்றுத் தளம் அனுமதி தரும் தலைப்பை அனுப்பாவிட்டால் உலாவி மறுமொழியை நிரலின் கையில் தருவதில்லை. எதனால் தரவில்லை என்றும் சொல்வதில்லை. சொன்னால், ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்த பயனரின் உள்வலையமைப்பில் என்னென்ன இயங்குகின்றன என்று அந்தப் பக்கம் துழாவிப் பார்த்துவிடும். உலாவியின் கன்சோலில் மட்டும் உண்மைக் காரணம் எழுதப்படும். போஸ்ட்மேன் உலாவி அன்று என்பதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இதில் பலருடைய நாட்களைத் தின்றுவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாக் கோரிக்கைகளும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்து, திடீரென்று ஒன்றிரண்டு மட்டும் இந்தப் பிழையைத் தந்தால், அனுமதித் தலைப்பை அமைப்பதில் தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சர்வர் 500 என்று விழுந்திருக்கலாம். அந்தப் பிழை மறுமொழியில் மட்டும் அனுமதித் தலைப்பு இல்லாமல் போயிருக்கலாம். எஞ்சின்எக்ஸ் சர்வரில் ‘ஆட் ஹெடர்’ கட்டளை, 200, 204, 302 போன்ற சில குறியீடுகளுக்கு மட்டுமே தலைப்பைச் சேர்க்கும். இறுதியில் ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால்தான் 400களுக்கும் 500களுக்கும் அது சேரும். அந்த ஒரு சொல் விடுபட்டதால், சர்வரின் ஒவ்வொரு வீழ்ச்சியும் உலாவியின் பாதுகாப்புச் சிக்கலாக வேடமிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஃபெட்ச்சை ‘நோ-கோர்ஸ்’ (வேற்றுத் தளத்தின் அனுமதியைக் கோராத) முறைக்கு மாற்றினால் பிழை மறைகிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பிழை மறைவது உண்மைதான். கூடவே மறுமொழியும் மறைகிறது. நிலைக்குறியீடு சுழியமாகவும் உடற்பகுதி படிக்க முடியாததாகவும் இருக்கும் அந்த மறுமொழியால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: பல்லாயிரம் பதிவுகளை ஓர் ஏபிஐயிலிருந்து இறக்கும் பைத்தான் நிரலை இரவில் ஓடவிட்டுச் சென்றேன். காலையில் பார்த்தால் பிழையும் இல்லை, முன்னேற்றமும் இல்லை; பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது. எதுவுமே எறியப்படாதபோது எதைப் பிடிப்பது?
– தரவுப் பகுப்பாய்வாளர் ஒருவர்

பதில்: ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் கால வரம்பை நீங்கள் குறிப்பிடாவிட்டால், அது எவ்வளவு காலமானாலும் காத்திருக்கும். எதிர்முனைக் கணினி மின்சாரம் இழந்தாலோ, இடையில் உள்ள ஏதேனும் ஒரு சாதனம் இணைப்பை ஓசையின்றி மறந்துவிட்டாலோ, இணைப்பு முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. மறுமொழியை எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும் முனை, தானாக எதையும் அனுப்பாததால், எதிரில் ஆள் இல்லை என்பதை அறிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆகவே ஒவ்வோர் அழைப்பிலும் கால வரம்பைக் கொடுங்கள். இணைப்பதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று என இரண்டு எண்களாகக் கொடுப்பது நல்லது. இணைப்பு வரம்பை மூன்றின் மடங்கைவிடச் சற்றே கூடுதலாக, எடுத்துக்காட்டாக 3.05 நொடிகளாக, வைக்கும்படி அந்த நூலகத்தின் ஆவணம் பரிந்துரைக்கிறது. இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை, தன் முதல் பொட்டலத்தை மறுபடி அனுப்பக் காத்திருக்கும் இயல்பான காலம் முன்பு 3 நொடிகளாக இருந்ததே அதற்குக் காரணம்; 2011இல் அது 1 நொடியாகக் குறைக்கப்பட்டது. படிப்பதற்கான வரம்பு முழுக் கோரிக்கைக்குமான வரம்பு அன்று என்பதையும் கவனியுங்கள். அது தரவு எதுவும் வராத இடைவெளிக்கான வரம்பு. பத்து நொடி வரம்பு இருக்கையில், ஒன்பது நொடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டும் சர்வர் உங்களை நாள் முழுவதும் பிடித்து வைத்திருக்க முடியும். மொத்த நேரத்துக்கு உச்சவரம்பு வேண்டுமானால் அதை நீங்கள் தனியே கணக்கிட வேண்டும்.

உலாவியில், ‘அபார்ட்சிக்னல்’ வழங்கும் டைம்அவுட் வசதியை ஃபெட்ச்சுடன் இணைக்கலாம். நேரம் கடந்ததால் நின்றால் ‘டைம்அவுட்எரர்’ என்றும், நீங்களே நிறுத்தினால் ‘அபார்ட்எரர்’ என்றும் பெயர் வேறுபடும். தேடற்பெட்டியில் பயனர் அடுத்த எழுத்தைத் தட்டியதும் முந்தைய கோரிக்கையை நிறுத்துவது நல்ல பழக்கம். அப்படி நிறுத்தியதால் வரும் பிழையைப் பயனருக்குக் காட்டுவது வீண் கலவரம்.

கேள்வி: ஆர்டர் பதிவுசெய்யும் கோரிக்கை நேரம் கடந்து தோற்றால் மீண்டும் ஒருமுறை அனுப்பும்படி எழுதியிருந்தேன். இப்போது ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு ஆர்டர்கள் பதிவாகின்றன. மறுமுயற்சியை எடுத்துவிட்டால் ஆர்டர் தவறுகிறது, வைத்தால் இரட்டிக்கிறது. பொத்தானை ஒருமுறைக்கு மேல் அழுத்த முடியாமல் செய்தும் பயனில்லை.
– சிறு நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நிரலாளர்

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மிக முக்கியமானது இது. பொத்தானை முடக்குவதால் பயன் இல்லாததற்குக் காரணம், இரண்டாம் முறை அழுத்துவது பயனர் அல்லர், உங்கள் நிரல்.

நேரம் கடந்தது என்ற செய்தி உங்களுக்கு வரும்போது நடந்திருக்கக்கூடியவை மூன்று. கோரிக்கை சர்வரை அடையவே இல்லை. அல்லது அடைந்து இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அல்லது வேலை முடிந்து, ஆர்டர் பதிவாகி, அதைச் சொல்லும் மறுமொழி மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. உங்கள் முனையிலிருந்து பார்த்தால் இந்த மூன்றுக்கும் அணுவளவும் வேறுபாடு தெரியாது. 504 என்ற குறியீடும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்: இடையில் உள்ள வாயில் காத்திருந்து சலித்துவிட்டது என்பதே அதன் பொருள், பின்னால் உள்ள நிரல் வேலையை முடித்திருக்கவும் கூடும். வரவில்லை என்பதை நடக்கவில்லை என்று உங்கள் நிரல் மொழிபெயர்த்துக்கொண்டதுதான் இங்கே பிழை.

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையின் பொருள்விளக்கத்தை வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9110 (2022) சில வினைகளை எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவையே தருபவை என்று வகைப்படுத்துகிறது. கெட் (பெறுதல்), ஹெட் (தலைப்பை மட்டும் பெறுதல்), புட் (கொடுத்ததையே அங்கே வைத்தல்), டிலீட் (நீக்குதல்) ஆகியவை அதில் அடங்கும். ஒரு பதிவை இரண்டாம் முறை நீக்கச் சொன்னால் 404 வரலாம்; குறியீடு மாறினாலும் பதிவு நீங்கிய நிலை மாறுவதில்லை. இவற்றை மறுபடி அனுப்புவதில் பொதுவாகத் தீங்கு இல்லை. புதிதாக ஒன்றைப் பதிவுசெய்யப் பயன்படும் போஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை; உங்கள் ஆர்டர் போஸ்ட் வழியே செல்கிறது.

போஸ்ட்டையும் பாதுகாப்பாக மறுபடி அனுப்பத்தக்கதாக ஆக்க ஒரு வழி உண்டு. பணப் பரிமாற்ற ஏபிஐகள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. பயனர் ‘பதிவுசெய்’ என்று முடிவெடுக்கும் தருணத்தில், மீண்டும் வராத ஒரு தனி அடையாளத்தை உங்கள் நிரல் உருவாக்க வேண்டும். இதற்கெனவே உள்ள நீண்ட அடையாள எண்ணான யூயூஐடி ஒன்று போதும். அதைக் கோரிக்கையின் தலைப்பில், வழக்கமாக ‘ஐடெம்பொடென்சி-கீ’ என்ற பெயரில், அனுப்ப வேண்டும். சர்வர் ஆர்டரைப் பதிவுசெய்யும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் இந்த அடையாளத்தையும் கிடைத்த விளைவையும் சேர்த்து எழுதிவைக்கும். அதே அடையாளம் மீண்டும் வந்தால் புதிதாக எதையும் செய்யாமல், முன்பு தந்த விளைவையே திருப்பித் தரும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இதில் தவறுவதற்கு இடங்கள் சில உண்டு. அடையாளத்தை ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்கினால் முழு ஏற்பாடும் பயனற்றுப் போகும். அது முயற்சிக்கு ஒன்று அன்று, நோக்கத்துக்கு ஒன்று. மறுமுயற்சிச் சுற்றுக்கு உள்ளே அதை உருவாக்கும் நிரல்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சர்வர் பக்கத்தில், அடையாளம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் எழுதுவது என்ற வரிசையும் போதாது, ஏனெனில் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தேடி, இரண்டுமே ‘இல்லை’ என்ற விடையைப் பெற்றுவிடலாம். தரவுத்தளப் புலத்திலேயே ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை வைப்பதுதான் உறுதியான காப்பு. அதே அடையாளத்துடன் வேறு உள்ளடக்கம் வந்தால் அதை ஓசையின்றி ஏற்காமல் மறுக்க வேண்டும்.

ஏபிஐ உங்களுடையது அன்று, அதில் இந்த வசதியும் இல்லை என்றால், மறுபடி அனுப்புவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டரில் உங்கள் தரப்புக் குறிப்பெண் ஒன்றைச் சேர்த்து அனுப்ப இடம் இருந்தால், நேரம் கடந்த பின் அந்த எண்ணில் ஆர்டர் இருக்கிறதா என்று கெட் மூலம் பாருங்கள். சற்று இடைவெளி விட்டுப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டாவது நிலையில் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். அதற்கும் இடமில்லை என்றால், தானியங்கி மறுமுயற்சியைக் கைவிட்டு, நிலை தெரியவில்லை என்று குறித்து மனிதர் ஒருவரின் பார்வைக்கு அனுப்புவதே நேர்மையானது.

கேள்வி: கோரிக்கை தோற்றால் வெற்றி பெறும் வரை, அதிகபட்சம் ஐந்து முறை, மீண்டும் அனுப்பும் சுற்று ஒன்றை வைத்திருக்கிறேன். இது சரியா?

பதில்: எந்தத் தோல்விக்கு என்று நீங்கள் எழுதவில்லை. கோரிக்கையை ஏற்க முடியாது என்று சொல்லும் 400, 403, 404, 422 ஆகியவற்றுக்கு ஐந்து முறை அனுப்பினால் ஐந்து முறையும் அதே மறுப்புதான் வரும். 401 (அடையாளம் செல்லாது) வந்தால், நுழைவுச் சீட்டு போன்ற டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டு ஒரே ஒருமுறை முயலலாம். பக்கத்தில் பத்துக் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் 401 பெற்றால் பத்தும் தனித்தனியே புதுப்பிக்கப் போகாமல், ஒன்று புதுப்பிக்க மற்றவை காத்திருக்கும்படி எழுதுங்கள். இணைப்புத் தோல்வி, 408 (நேரம் கடந்தது), 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்), 502, 503 (சேவை தற்காலிகமாக இல்லை), 504 ஆகியவையே மறுமுயற்சிக்கு உரியவை. அங்கும் முந்தைய பதிலில் சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.

அடுத்தது இடைவெளி. மூச்சுத் திணறும் சர்வருக்கு உடனுக்குடன் ஐந்து முறை அனுப்புவது, அதன் சுமையை ஐந்து மடங்காக்கும் வேலை. 1, 2, 4, 8 நொடிகள் என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஓர் உச்சத்தில் நிறுத்த வேண்டும். அதுவும் போதாது: ஆயிரம் பயனர்களின் செயலிகள் ஒரே கணத்தில் தோற்றிருந்தால், எல்லாமே சரியாக ஒரு நொடி கழித்தும், பிறகு சரியாக இரண்டு நொடி கழித்தும் ஒன்றாக வந்து மோதும். ஆகவே சுழியத்துக்கும் அந்த முயற்சிக்கான உச்ச இடைவெளிக்கும் இடையில் தற்செயலான ஒரு காலத்தைத் தேர்ந்து காத்திருக்க வேண்டும். இது 1970களிலேயே ஈதர்நெட் வலையமைப்பில் கையாளப்பட்ட உத்தி. ஒரே கம்பியில் இரு கணினிகளின் தரவு மோதிக்கொண்டால், இரண்டும் தற்செயலான காலம் பின்வாங்கி நின்றன. மோதல் தொடரத் தொடர அந்தக் காலத்தின் வரம்பு இரட்டித்தது.

429, 503 ஆகியவற்றுடன் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ தலைப்பு வந்தால் உங்கள் கணக்கை விட்டுவிட்டு அதை மதியுங்கள். அது நொடிகளின் எண்ணிக்கையாகவும் வரலாம், முழுத் தேதியாகவும் வரலாம். எண் என்று மட்டும் நம்பி எழுதிய நிரல், தேதி வரும் நாளில் காத்திராமலே பாய்ந்துவிடும்.

உங்கள் நிரலுக்கு மேலும் கீழும் யார் மறுமுயற்சி செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். உலாவியில் மூன்று முயற்சி, அது அழைக்கும் சர்வரில் மூன்று, அந்தச் சர்வர் அழைக்கும் இன்னொரு சேவையில் மூன்று என இருந்தால், பயனரின் ஒரு சொடுக்கு அடியில் உள்ள தரவுத்தளத்தை 27 முறை தட்டும். ஏதேனும் ஒரு படிநிலையில் மட்டும் மறுமுயற்சியை வைத்துக்கொண்டு மற்றவற்றில் நீக்கிவிடுவதே என் பரிந்துரை.

கேள்வி: எங்கள் குழுவில் ஏபிஐ எழுதும் அண்ணன் ஒருவர், எல்லா மறுமொழிக்கும் 200 அனுப்பி, வெற்றியா தோல்வியா என்பதை ஜேசானுக்குள் சொன்னால் போதும் என்கிறார். அழைப்பவருக்கு எளிது என்பது அவர் வாதம்.

பதில்: மறுமொழியைப் படிப்பவர் அழைப்பவர் ஒருவரே என்றால் அவர் வாதத்தை ஏற்கலாம். ஆனால் இடைச்சேமிப்பகம் (கேஷ்), சுமைப் பங்கீட்டுச் சர்வர், கண்காணிப்புக் கருவி ஆகியவை எல்லாம் நிலைக்குறியீட்டை மட்டுமே பார்த்து முடிவெடுக்கின்றன. அவை உங்கள் ஜேசானைத் திறந்து பார்ப்பதில்லை. 200 போட்ட பிழையை இடைச்சேமிப்பகம் நல்ல மறுமொழி என்று சேமித்துவைத்து அடுத்தவர்களுக்கும் வழங்கலாம். சேவை முழுவதும் விழுந்து கிடக்கும்போது கண்காணிப்புப் பலகை பச்சையாகவே இருக்கலாம். வேண்டிய தரவுகளை ஒரே கோரிக்கையில் கேட்க உதவும் கிராஃப்கியூஎல் ஏபிஐகள் 200 அனுப்பி உள்ளே பிழைப் பட்டியல் தருவது வழக்கம்தானே என்று அவர் கேட்கலாம். அங்கே ஒரே கோரிக்கையில் ஒரு பகுதி வென்று இன்னொரு பகுதி தோற்கக்கூடும் என்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு.

பிழையின் உள்ளடக்கத்துக்கு நீங்களாக ஒரு வடிவத்தைப் புனைய வேண்டியதில்லை. 2016இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7807ம், அதற்கு மாற்றாக 2023இல் வந்த ஆர்எஃப்சி 9457ம் அதற்கெனவே ஒரு ஜேசான் வடிவத்தை வரையறுத்திருக்கின்றன: பிழையின் வகை, தலைப்பு, நிலைக்குறியீடு, இந்த நிகழ்வுக்கான விளக்கம், நிகழ்வின் அடையாளம் என ஐந்து புலங்கள். வகையைச் சுட்டும் புலம் என்றும் மாறாததாக இருக்கட்டும். அழைப்பவர் விளக்க வாக்கியத்தைப் படித்து முடிவெடுக்கும் நிலையை உண்டாக்கினால், ஒரு நாள் நீங்கள் எழுத்துப் பிழையைத் திருத்தும்போது அவர் நிரல் உடையும். படிவத்தில் மூன்று புலங்கள் தவறென்றால் மூன்றையும் ஒரே மறுமொழியில் சொல்லுங்கள். தரவுத்தளக் கட்டளையையும், பிழை எழுந்த நிரல் வரிகளின் அடுக்கையும் வெளியே அனுப்பாதீர்கள்.

கேள்வி: தோற்ற கோரிக்கையை முழுவதுமாகப் பதிவேட்டில் எழுதிவைக்கலாமா?

பதில்: கூடாது. ‘ஆதரைசேஷன்’ தலைப்பில் டோக்கன் இருக்கிறது. உடற்பகுதியில் கடவுச்சொல்லும் இருக்கலாம். வினை, பாதை, நிலைக்குறியீடு, எடுத்த நேரம், எத்தனையாவது முயற்சி, சர்வர் தந்த கோரிக்கை அடையாளம் ஆகியவை போதும்.

கேள்வி: பயனருக்கு எந்த வாக்கியத்தைக் காட்டுவது? ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்பது போதாது என்கிறார் எங்கள் வடிவமைப்பாளர்.

பதில்: அவர் சொல்வது சரி. பயனர் அறிய விரும்புவது இரண்டே: நான் செய்தது பதிவாகிவிட்டதா, இப்போது நான் என்ன செய்வது? தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். 422க்கு, எந்தப் புலத்தில் என்ன குறை என்று அந்தப் புலத்தின் அருகிலேயே காட்டலாம். 503க்கு, சேவை தற்போது இயங்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்தது இங்கேயே இருக்கிறது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது அது உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டும். மறுமொழி வராத ஆர்டருக்கு, ‘பதிவானதா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், மீண்டும் அனுப்ப வேண்டாம்’ என்பதே சரியான வாக்கியம். பின்னணியில் தானாகப் புதுப்பிக்கும் தரவு ஒருமுறை தோற்றால் எதையும் சொல்லாமல், பழைய தரவையும் அது பெறப்பட்ட நேரத்தையும் காட்டினால் போதும்.

‘உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்ற வாக்கியத்தை மட்டும் எளிதில் எழுதிவிடாதீர்கள். உலாவியின் ‘ஆன்லைன்’ பண்பு இல்லை என்று சொன்னால் நம்பலாம். ஆம் என்று சொன்னால், ஏதோ ஒரு வலையமைப்பில் கணினி இணைந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உங்கள் சர்வர் விழுந்ததற்குப் பயனரைத் தன் மோடத்தை அணைத்து அணைத்துப் போட வைப்பது முறையன்று.

கேள்வி: இவ்வளவையும் எழுதிவிட்டு, சரியாக இயங்குகிறதா என்று எப்படிச் சோதிப்பது? உண்மையான சர்வரை நாம் விரும்பும்போது விழவைக்க முடியாதே.
– முதற்கேள்வியைக் கேட்ட அதே மாணவி

பதில்: உங்கள் கணினியிலேயே இருபது வரியில் ஒரு போலிச் சர்வரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாதையில் அது இணைப்பை ஏற்றுக்கொண்டு எதையும் அனுப்பாமல் இருக்கட்டும். ஒன்றில் 502 போட்டு எச்டிஎம்எல் பக்கம் தரட்டும். ஒன்றில் 200 போட்டுப் பாதி ஜேசானுடன் இணைப்பை அறுக்கட்டும். ஒன்றில் 429 போட்டு, எப்போது திரும்ப வருவது என்பதைத் தேதியாகச் சொல்லட்டும். உலாவியின் நெட்வொர்க் பலகத்தில் இணைப்பைத் துண்டிக்கும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அது மறுமொழி வராத நிலையை மட்டுமே காட்டும்.

இவற்றில் நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் நான் எழுதுவது இது: போலிச் சர்வர் போஸ்ட் கோரிக்கையைப் பெற்று, தரவுத்தளத்தில் ஆர்டரைப் பதிவுசெய்துவிட்டு, மறுமொழி அனுப்பும் தறுவாயில் இணைப்பை அறுக்க வேண்டும். உங்கள் நிரலை அதன் போக்கில் விட்டு, அதன் மறுமுயற்சிகள் எல்லாம் முடிந்த பிறகு ஆர்டர் அட்டவணையில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.